மார்ச்சில் வாங்கிய பெட்டிகள்: குமரி மாவட்டத்தில் ஒரு புதிய தேனீ வளர்ப்பாளரின் முதல் ஆண்டு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குலசேகரம், அருமனை வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிடையே, தேனீப் பெட்டி வைக்காத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டி செய்யும் தச்சரும், தேனீக் கூட்டம் விற்பவரும், தேன் வாங்கும் வியாபாரியும் எட்டும் தூரத்திலேயே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் அங்கே புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் மழைக்காலம் முடிவதற்குள் வெறும் பெட்டிகளோடு நிற்கிறார்கள். தொழில் தெரியாத ஊரில் இப்படி நடந்தால் அதில் வியப்பில்லை. தொழில் ஊறிய மண்ணில் ஏன் நடக்கிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் வளைகுடா நாடொன்றில் மின்பணியாளராக இருந்து ஊர் திரும்பிய, நாற்பது வயதைக் கடந்த ஒருவர். தந்தை வழியில் வந்த சிறு நிலத்தில் ரப்பரும், ஓரங்களில் தென்னையும் வாழையும் உண்டு. தேனீயைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் சிறுவயதில் பொந்துத் தேன் எடுப்பவர்களைப் பார்த்ததும், அண்மையில் யூடியூபில் பார்த்தவையும்தான். அவருடைய இழப்புக்கு அறியாமை, அலட்சியம், கெட்ட நேரம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். என் கணிப்பில் இழப்பின் பெரும்பகுதி அவர் பெட்டி வாங்கிய மாதத்திலேயே முடிவாகிவிட்டது.

வட்டாரமும் தொழிலும்

இந்தியத் தேனீயைப் பெட்டியில் வளர்க்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டு கடந்த வரலாறு இருக்கிறது. திருச்சியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் 1910களில் இந்தத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ப வடிவமைத்த பெட்டி, சிறு மாற்றங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கீழே அடிப்பலகை, அதன்மேல், தேனீக்கள் மெழுகு அடை கட்டுவதற்கான ஏழு மரச் சட்டங்கள் கொண்ட புழு அறை, அதற்கும் மேலே உயரம் குறைந்த தேன் அறை, மூடி. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் வழிநடத்திய மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் இந்தத் தொழிலைச் சிறு விவசாயிகளின் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தது. மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

இடையில் ஒரு பேரழிவும் நிகழ்ந்தது. 1991-92 காலத்தில் தென்னிந்தியாவில் பரவிய, தேனீப் புழுக்களைத் தாக்கும் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸ் இந்தியத் தேனீக் கூட்டங்களின் மிகப் பெரும்பகுதியை அழித்தது. வாழ்நாள் முழுவதும் இத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் பெட்டிகளை விறகாக்கிய காலம் அது. அதற்குப் பின்னர் இத்தாலியத் தேனீ பல இடங்களில் அறிமுகமாயிற்று. ஆனால் பூக்கும் இடம் தேடிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அலைய முடியாத சிறு வளர்ப்பாளருக்கு இந்தியத் தேனீயே பொருந்துகிறது. நம் ஆய்வுக்குரியவர் வாங்கியதும் அதைத்தான்.

ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதன்று என்பதைப் பலர் அறிவதில்லை. டிசம்பர் வாக்கில் ரப்பர் மரம் இலையுதிர்த்து, ஜனவரி, பிப்ரவரியில் துளிர்க்கிறது. மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறு சுரப்பிகள் உண்டு. இளந்தளிர் முதிர்ந்து வரும் சில வாரங்களில் மட்டும் அவற்றிலிருந்து மதுரம், அதாவது தேனீ தேனாக்கும் இனிப்பு நீர், துளிர்த்து நிற்கும். இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். துளிர்க்கும் காலத்துப் பனியில் சாம்பல் நோய் தாக்கித் தளிர்கள் கொட்டிவிட்டால் அந்த ஆண்டின் தேனும் அதோடு போயிற்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்தச் சுரப்பியில் மதுரம் உண்டே தவிர, மகரந்தம் கிடையாது. புழுக்களை வளர்க்கத் தேவையான புரதம் தென்னை, தொட்டாற்சுருங்கி முதலானவற்றிலிருந்துதான் வர வேண்டும். ஆக, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரே பெருவரவு; ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை; அது ஓய்ந்து சிறிது மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை. இரு பருவமழையும் பெறும் இந்த மாவட்டத்தில் தேனீயின் பஞ்ச காலம் நீளமானது, அதுவும் தேன் காலத்துக்கு மிக அருகிலேயே வருவது.

வாங்கிய காலம்

மார்ச் முதல் வாரத்தில் அவர் நான்கு கூட்டங்களை வாங்கினார். மூடியைத் திறந்தபோது ஏழு சட்டங்களிலும் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன. தேன் அறையில் பாதி அடைகள் வெள்ளை மெழுகால் மூடப்பட்டிருந்தன. எவரும் மறுக்க முடியாத நல்ல கூட்டங்கள். அந்தப் பலம் முந்தைய அக்டோபரிலிருந்து வேறொருவர் சர்க்கரைப் பாகு கொடுத்து, அடை கட்டவைத்து, ராணியைப் புதுப்பித்து உருவாக்கிய பலம் என்பது வாங்குகிறவருக்குத் தெரியவில்லை. தேன் காலம் உச்சத்தில் இருக்கும்போது கூட்டத்தின் விலையும் உச்சத்தில் இருக்கும். மழைக்காலம் முழுவதும் சர்க்கரைக்குச் செலவழித்துக் காப்பாற்ற விரும்பாதவர்கள், தேன் காலம் முடியும் தறுவாயில் கூட்டங்களைக் கழித்துவிடுவதும் வியாபாரத்தில் இயல்பானது. அதை ஏமாற்று என்று சொல்ல இயலாது. புதியவர் வாங்கியதோ, அறுவடை முடியப்போகும் வயலைக் குத்தகைக்கு எடுத்ததற்கு ஒப்பானது.

மார்ச் கடைசியிலும் ஏப்ரல் நடுவிலும் அவர் தேன் எடுத்தார். ஒன்றும் தெரியாமலேயே தேன் வந்தது. இதுதான் அவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுசென்றது. மே தொடக்கத்தில் தேன் அறை காலியாக இருந்தபோது, புழு அறை அடைகளின் மேல்விளிம்பில் வில் போல் அமைந்திருந்த தேனையும் வெட்டி எடுத்தார். கூட்டம் மழைக்காலத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பு அது. அந்த அறுவடையில் பாதி மூடப்படாத அடைகளும் இருந்ததால், பிழிந்த தேனில் நீர் மிகுந்திருந்தது. மூடப்படாத தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டியிருப்பது இந்த ஈரக்காற்று வட்டாரத்தில் சாதாரணம். அப்படிப்பட்ட தேன் சில வாரங்களில் புளிக்கத் தொடங்கும். உறவினர்களுக்குக் கொடுத்த பாட்டில்களில் நுரை தள்ளி மூடி கிளம்பியது. கலப்படத் தேன் என்ற பேச்சும் எழுந்தது. உண்மையில் அது கலப்படமற்ற, பக்குவப்படாத தேன்.

தேனீ கொட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் எல்லாப் புதியவர்களும் இதைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள். இந்தியத் தேனீ ஒப்பீட்டளவில் சாதுவானது. கொட்டிய இடத்தில் கொடுக்கைக் கிள்ளிப் பிடுங்காமல் நகத்தால் உடனே வழித்துவிட வேண்டும். கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாடை மற்ற தேனீக்களையும் அழைக்கும் என்பதால் அங்கே சிறிது புகை காட்ட வேண்டும். வீக்கமும் அரிப்பும் இயல்பானவை. மூச்சுத் திணறல், உடல் முழுதும் தடிப்பு, தலைச்சுற்றல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அத்தகைய ஒவ்வாமை உள்ளவர் இத்தொழிலுக்கு வரவே கூடாது. நம் நண்பருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய சிக்கல் நேர்மாறானது: கொட்டுக்கு அஞ்சித் தேங்காய் நாரைப் புகைப்பானில் திணித்து, பெட்டி மறையும் அளவுக்குப் புகை விட்டார். மிகுந்த புகைக்கு இந்தியத் தேனீ அடையை விட்டு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும்; அதற்கப்புறம் அடையில் எதையும் சரியாகப் பார்க்க இயலாது.

பார்ப்பதிலும் அவர் தவறான பொருளைத் தேடினார். தொடக்கத்தில் வாரத்துக்குப் பல முறை பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சட்டமாக எடுத்து ராணியைத் தேடினார். ஒரு முறை மதுரத்தால் கனத்திருந்த புது அடையைக் கிடையாகத் திருப்பியபோது அது சட்டத்திலிருந்து கழன்று கூட்டத்தின்மேல் விழுந்தது. சட்டத்தை மேல்கட்டையைப் பிடித்துச் செங்குத்தாகவே வைத்து, கதவு திரும்புவதுபோல் திருப்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் செய்து காட்டியிருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கும் மூத்த வளர்ப்பாளர் ஒருவர் அன்று வந்து பார்த்துவிட்டுச் சொன்னது பயனுள்ளது.

“ராணியைத் தேடாத, மக்கா. வெயிலு உன் தோளுக்குப் பின்னால வரணும், அப்படி நின்னு அடையில உள்ள சின்ன அறைக்குள்ள பாரு. முட்டை நட்டமா நின்னா, மூணு நாளைக்குள்ள ராணி அங்கதான் இருந்திருக்கு.”

“ஒரு அறையில ரெண்டு மூணு முட்டை கிடந்தா நல்லதுதானே, அண்ணாச்சி?”

“அது நல்லதுக்கில்ல. ராணி போய்ட்டு, வேலைக்காரத் தேனீ முட்டையிடுதுன்னு அர்த்தம்.”

ராணியை இழந்த கூட்டத்தில் சில பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்குகின்றன; புணர்ச்சி நடக்காததால் அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வரும். இந்தியத் தேனீயில் இந்த நிலை விரைவாகவே வந்துவிடுகிறது. முட்டை பெருகியிருக்கிறது என்று புதியவர் மகிழும் நேரத்தில் கூட்டம் அழிவின் கடைசிப் படியில் நிற்கும். நான்கு பெட்டிகளில் ஒன்று மே மாத இறுதியில் இப்படித்தான் இருந்தது. அடை விழுந்த அன்று ராணி நசுங்கியிருக்கலாம் என்பது மூத்தவரின் ஊகம்.

மழை மாதங்கள்

ஜூனில் மழை பிடித்ததும் அவர் பெட்டிகளைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். தேனீக்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணமே காரணம். ஆயினும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறிகள் இருந்தன. வெயில் எட்டிப் பார்த்த காலை நேரத்தில்கூட வாயிலுக்குத் திரும்பும் தேனீக்களின் கால்களில் மகரந்த உருண்டை இல்லை. மகரந்தம் வராத கூட்டத்தில் புழு வளர்ப்பு குறையும். புழு இல்லாத கூட்டத்துக்கு அந்த இடத்தில் தங்கியிருக்க வேண்டிய காரணமும் குறையும். இந்தியத் தேனீயின் இயல்பு இங்கேதான் இத்தாலியத் தேனீயிலிருந்து வேறுபடுகிறது. பஞ்சம் வந்தால் இருந்து சாவதைவிட, எஞ்சிய தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு கூண்டோடு கிளம்பிவிடுவது அதன் வழி.

ஜூலையில், நான்கைந்து நாள் விடாத மழைக்குப் பின் வெயிலடித்த ஒரு முற்பகலில் இரண்டாவது கூட்டம் கிளம்பிப் போயிற்று. அவர் அதைக் கூட்டம் பிரிந்ததாகவே நினைத்து, மீதிக் கூட்டம் பெட்டியில் இருக்கிறது என்று நம்பினார். இரண்டையும் வேறுபடுத்துவது கடினமன்று. கூட்டம் பிரியும்போது பழைய ராணியோடு ஒரு பகுதி மட்டுமே போகும். பெட்டியில் புழுவும், மூடிய அறைகளும், அடையின் கீழ்விளிம்பில் தொங்கும், புது ராணி வளரும் ராணி அறைகளும், கணிசமான தேனீக்களும் இருக்கும். கூட்டம் ஓடிப்போயிருந்தால் அடைகள் துடைத்துவைத்ததுபோல் காலியாகக் கிடக்கும். அவர் பெட்டியைத் திறந்தது ஆகஸ்டில். அப்போது அடைகளுக்குள் வெள்ளை நூலாம்படையால் சுரங்கம் கட்டி மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் குடியிருந்தன. அந்தப் பூச்சிதான் கூட்டத்தைக் கொன்றது என்று இன்றும் அவர் சொல்கிறார். பலமுள்ள கூட்டத்தில் பணித் தேனீக்கள் அந்தப் புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். தேனீ மூடாத அடை மிச்சம் இருந்தால்தான் அது வேரூன்றும். மழைக்காலம் தொடங்கும்போதே, தேனீக்கள் மூடி நிற்கும் அடைகளை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும், அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளை வாரந்தோறும் துடைக்க வேண்டும் என்ற இரண்டு எளிய பணிகளும் நடக்கவில்லை.

மூன்றாவது கூட்டத்தின் முடிவில் பாகுக்கும் எறும்புக்கும் பங்கு உண்டு. கூட்டங்கள் பட்டினி கிடப்பதை ஜூலைக் கடைசியில் உணர்ந்த அவர் சர்க்கரைப் பாகு காய்ச்சி, காலை வேளையில் பெட்டிக்கு வெளியே தட்டில் வைத்தார். மாலை மங்கியபின், பெட்டிக்குள்ளே, சிந்தாமல் வைக்க வேண்டிய பொருள் அது. வாடை பிடித்து அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் தேனீக்களும் வந்தன. தட்டு காலியானதும் அவை பலமற்ற அந்தப் பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தன. வாயிலில் கட்டிப் புரண்டு சண்டையிட்ட தேனீக்களைப் பார்த்து, கூட்டம் சுறுசுறுப்பாகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். பெட்டிக் கால்களின் நீர்க் கிண்ணங்களில் ரப்பர்ச் சருகு விழுந்து எறும்புக்குப் பாலமாயிற்று. நீர்க் கிண்ணம் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் அதைச் சுத்தம் செய்ய மறப்பது புதியவர்களிடம் மட்டும் காணப்படும் பழக்கமன்று, பழையவர்களிடமும் உண்டு.

செப்டம்பரில் ஒரே ஒரு கூட்டம் மிஞ்சியது, அதுவும் மூன்று சட்டத் தேனீக்களோடு.

பயிற்சியின் இடைவெளி

பெட்டி வாங்குவதற்கு முன் அவர் ஒரு நாள் பயிற்சி பெற்றிருந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். அங்கே தேனீ வகைகள், பெட்டியின் பாகங்கள், தேன் பிழியும் கருவியின் பயன்பாடு, மானியம் பெறும் வழி ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னவற்றில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஒரு நாள் பயிற்சி பெரும்பாலும் தேன் காலத்தில் நடக்கிறது. செய்முறை காட்டப்படும் கூட்டமும் தேன் நிறைந்ததாகவே இருக்கிறது. பட்டினிக் கூட்டம் எப்படி இருக்கும், ராணியில்லாக் கூட்டத்தின் இரைச்சல் எப்படி மாறும், நோயுற்ற புழு எந்தக் கோணத்தில் கிடக்கும் என்பவற்றைக் கண்ணால் பார்க்க அங்கே வாய்ப்பில்லை.

காதி ஆணையத்தின் தேன் இயக்கம் 2017இல் தொடங்கியது; தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு ஒன்றிய அரசு 2020இல் மூன்றாண்டுகளுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெட்டிகளும் கருவிகளும் புதியவர்கள் கைக்கு வருவதற்கு இவை உதவியிருக்கின்றன. குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை, எத்தனை பெட்டி கொடுத்தோம் என்பதைவிட எந்த மாதத்தில் கொடுத்தோம் என்பதைக் கேட்பது நல்லது என்று நினைக்கிறேன். அதே பயிற்சியை ஜூலையில் ஒரு நாளும் நவம்பரில் ஒரு நாளும் பிரித்து நடத்தினால் கூடுதல் செலவு அதிகம் வராது.

இரண்டாவது தொடக்கம்

அக்டோபரில் அவர் மூத்தவரிடமிருந்து நான்கு சட்டக் கூட்டம் ஒன்றை வாங்கினார். பார்வைக்குச் சிறியது, விலையும் குறைவு. அந்த ஆண்டில் பிறந்த ராணியும், எல்லாப் பருவத்துப் புழுக்களும் அதில் இருந்தன. மாலையில் தேங்காய்ச் சிரட்டையில் பாகு ஊற்றி, தேனீக்கள் மூழ்காமலிருக்கச் சிறு குச்சிகள் போட்டு, சட்டங்களுக்கு மேலே வைத்தார். இடம் தேவைப்பட்டபோது ஒவ்வொரு சட்டமாகவே சேர்த்தார். திறந்து பார்ப்பது வாரம் ஒரு முறை என்றானது. ஒவ்வொரு முறையும் முட்டை, மகரந்தம், மூடிய தேன் ஆகிய மூன்றையும் பள்ளி நோட்டில் எழுதிவைத்தார்.

நவம்பரில், மழைக்காலத்தில் மிஞ்சியிருந்த பழைய கூட்டத்தில், அடையில் புழு வளரும் மூடிய சிற்றறைகள் சிலவற்றின் மூடியில் ஓட்டை விழுந்திருந்தது. அவற்றுக்குள் புழுக்கள் மல்லாந்து, தலையை மேலே தூக்கிக் கிடந்தன. ஈர்க்குச்சியால் எடுத்தபோது தோல் கிழியாமல், உள்ளே நீர் நிறைந்த சிறு பை போல் வந்தது. தாய் சாக்புரூட் நோயின் அடையாளம் இதுவே. இதற்கு மருந்து கிடையாது. விற்பனையாளர்கள் சிலர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பாகில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது, தேனில் எச்சமாக மட்டும் தங்கும். அவர் மூத்தவர் சொன்னபடி ராணியைச் சிறு கூண்டில் இரண்டு வாரம் அடைத்து முட்டையிடாமல் நிறுத்தினார். நோயுற்ற அடைகளை எடுத்து எரித்தார். எஞ்சியவற்றைப் பணித் தேனீக்கள் சுத்தம் செய்தன. அந்தப் பெட்டியைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடாமல், அதை எப்போதும் கடைசியாகவே பார்த்தார். கூட்டம் இளைத்தது, ஆனால் பிழைத்தது.

புதிய கூட்டம் டிசம்பர் கடைசியில் ராணி அறைகள் கட்டியது. மூடிய ராணி அறை இருந்த அடையோடு மூன்று சட்டங்களைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, பழைய ராணியைப் பழைய பெட்டியிலேயே விட்டார். இளம் ராணி வெளியே பறந்து பல ஆண் தேனீக்களோடு புணர்ந்து திரும்ப வேண்டும். மழை மூட்டமாக இருந்தாலோ, பஞ்சுருட்டான் குருவி கவ்விவிட்டாலோ எல்லாம் வீண். பத்து நாட்களுக்கு மேலாக அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. இம்முறை திறக்காமலிருந்ததற்குக் காரணம் இருந்தது: புதிய ராணி நிலைகொள்ளும் முன் கலைத்தால் தேனீக்களே அதைக் கொன்றுவிடக்கூடும். ஜனவரி நடுவில் அடையின் நடுப்பகுதியில் அறைக்கு ஒரு முட்டையாக வரிசை பிடித்திருந்தது.

இரண்டாம் ஆண்டுத் தேன் காலத்தில் தேன் அறை வைத்தது பழைய ராணியின் பெட்டிக்கு மட்டும். முக்கால் பங்கு மூடப்பட்ட சட்டங்களை மட்டும் எடுத்தார். புழு அறைத் தேனைத் தொடவில்லை. முதல் ஆண்டில் கிடைத்ததைவிடத் தேன் குறைவு. இந்தியத் தேனீக் கூட்டம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் பத்து கிலோ என்பதே எதிர்பார்க்கத்தக்கது என்பதையும், அதில் ஒரு பகுதியின் விலை மழைக்காலச் சர்க்கரையாகத் திரும்பிப் போகும் என்பதையும் அவர் இப்போது கணக்கில் எழுதுகிறார்.

தீராத கேள்வி நோயிலிருந்து மீண்ட கூட்டத்தைப் பற்றியது. 1990களின் அழிவுக்குப் பின் பிழைத்த கூட்டங்களைப் பெருக்கியே இந்த வட்டாரத்தில் தொழில் மீண்டது என்பதால், மீண்டதைப் பிரித்து வளர்க்கலாம் என்கிறார் மூத்தவர். ஒரே பருவத்தில் பிழைத்ததை நோய் எதிர்ப்புத் திறன் என்று கொள்ள இயலாது. ராணியைக் கூண்டில் அடைத்ததால் மட்டும் நோய் அடங்கியிருக்கவும் கூடும். அடுத்த அக்டோபரில் புழு வளர்ப்பு பெருகும்போது அந்தக் கூட்டத்தில் மல்லாந்த புழுக்கள் மீண்டும் தென்படுகின்றனவா என்பதைப் பார்த்தபின்னரே அதைப் பிரிப்பது என்று முடிவு செய்து, அதுவரை மற்ற இரண்டிலிருந்தும் தள்ளி, தென்னை வரிசைக்கு அப்பால் வைத்திருக்கிறார்.